மண்ணில் கிடைத்த நகையில் தங்க முத்திரையைப் படிப்பது எப்படி?

மெட்டல் டிடெக்டருடன் தேடத் தொடங்கியவருக்கு முதல் மோதிரம் கையில் வந்தவுடன் எழும் கேள்வி, இது தங்கமா என்பதுதான். அதற்கான விடை பல சமயங்களில் அந்த மோதிரத்தின் உட்புறத்திலேயே, ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத எழுத்துகளில், பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த எழுத்துகள், நகையைச் செய்தவரோ சோதித்தவரோ சொல்லும் ஒரு கூற்று மட்டுமே. எடையும் நிறமும் தேய்மானமும் அந்தக் கூற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

தேடும்போதே நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. நகைகளில் பயன்படும் 9 முதல் 18 கேரட் வரையிலான தங்கக் கலவைகள், வெள்ளியையும் செம்பையும் விடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்துகின்றன. ஆகவே டிடெக்டரின் திரையில் அவை அலுமினியத் தாளும் டின் மூடியின் இழுப்பு வளையமும் காட்டும் அதே எண் வரம்பில் விழுகின்றன. குப்பை என்று அந்த வரம்பை அடைத்துவிட்டால் மோதிரங்களும் சேர்ந்தே அடைபட்டுப் போகும்.

1. முதலில் தண்ணீர் மட்டும்

நகையை எடுத்த இடத்திலேயே கட்டை விரலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7 என்றால், தங்கம் 3க்கும் கீழே இருக்கிறது. ஒட்டியிருக்கும் மணலோடு தேய்க்கும்போது, ஏற்கெனவே மங்கிப்போன முத்திரையின் மேல் புதிய கீறல்கள் விழும். வீட்டுக்கு வந்து சாதாரண நீரில் ஊறவைத்து, பிறகு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான பல் துலக்கியும் கொண்டு கழுவினால் போதும். எழுத்துகளுக்குள் அடைந்த மண்ணை மரத்தாலான பல்குச்சியால் எடுக்கலாம். பற்பசை, சமையல் சோடா, சாம்பல், கம்பித் தூரிகை ஆகிய எதுவும் முத்திரையின் அருகில் வரக் கூடாது. முத்து, ஓபல், டர்க்காய்ஸ் போன்ற கற்கள் பதித்திருந்தால் ஊறவைக்காமல் ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். கையால் அடித்துச் செய்த தோற்றமும் பழகாத வடிவமும் கொண்டு, மிகப் பழையதாகத் தெரியும் பொருளாக இருந்தால் கழுவுவதே கூடாது. அது நிபுணரின் வேலை.

கழுவும்போதே உலோகம் சில செய்திகளைச் சொல்லிவிடும். உயர்ந்த கேரட் தங்கம் எத்தனை ஆண்டுகள் புதைந்திருந்தாலும் ஏறத்தாழ அதே மஞ்சள் பளபளப்போடு வெளிவரும். 9, 10 கேரட் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் மிகுதி என்பதால் மேற்பரப்பு பழுப்பாகவோ சற்றுக் கறுத்தோ இருக்கக்கூடும். அதைப் பார்த்து ஏமாந்து ஒதுக்கிவிடக் கூடாது. விளிம்புகளிலும் இணைப்புகளிலும் பச்சைக் களிம்பு திரண்டிருந்தால், அடியில் செம்போ பித்தளையோ இருக்கிறது, மேலே முலாம்தான் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். சாம்பல் நிற மோதிரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை: வெள்ளைத் தங்கத்தின் மேல் பூசியிருந்த ரோடியம் என்ற வெண்ணிற உலோகம் தேய்ந்த பிறகு அது மங்கிய எஃகைப் போலவே தோன்றும். இரும்புத் துண்டு என்று எறிவதற்கு முன் உட்புறத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

2. எங்கே தேடுவது

மோதிரத்தில் முத்திரை வளையத்தின் உட்புறத்தில், பெரும்பாலும் கல் இருக்கும் இடத்துக்கு எதிர்ப்புறத்திலோ அதற்குச் சற்றுப் பக்கத்திலோ இருக்கும். மோதிரத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வெட்டி ஒட்டியிருந்தால், வெட்டு விழுவதும் அதே பகுதியில்தான். அதனால் முத்திரையின் பாதி காணாமல் போயிருக்கலாம், அல்லது பற்றவைத்த தடத்தின் மேல் மெருகிட்டதில் முழுவதுமே அழிந்திருக்கலாம். உட்புறத்தில் ஒரு மெல்லிய கோடு குறுக்காக ஓடினால் அது பற்றுவைத்த இடம். அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

சங்கிலியில் கொக்கியின் மேலோ, கொக்கியை ஒட்டித் தொங்கும் சிறிய தகட்டிலோ, கடைசி வளையத்திலோ முத்திரை இருக்கும். சங்கிலிக்கும் கொக்கிக்கும் ஒரே வரலாறு இருக்க வேண்டும் என்பதில்லை. அறுந்த தங்கச் சங்கிலியில் மலிவான கொக்கியை மாட்டியவர்களும் உண்டு, கவரிங் சங்கிலியில் பழைய தங்கக் கொக்கியை மாட்டியவர்களும் உண்டு. ஆகவே இரண்டு முனைகளையும் பார்த்து, இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பெட்டிக் கொக்கி உள்ள கைச்சங்கிலியில், உள்ளே நுழையும் நாக்குத் தகட்டில் முத்திரையிடுவது வழக்கம். பதக்கத்தில் சங்கிலி நுழையும் வளையத்திலும் பின்புற விளிம்பிலும், தோட்டில் காதுக்குள் செல்லும் தண்டிலும் பார்க்கலாம். தண்டும் அதன் பின்புறப் பூட்டும் தனித்தனியே தொலைந்து மாற்றப்படுபவை என்பதால் ஒன்றின் முத்திரையை மற்றொன்றுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. கைக்கடிகாரமானால் பின்மூடியின் உட்புறம்.

3. லென்ஸும் வெளிச்சமும்

இதற்குத் தேவையான முக்கியக் கருவி பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய நகை லென்ஸ். புதியவர்கள் அதை நகைக்கு அருகில் பிடித்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நகையை மெதுவாக அதை நோக்கிக் கொண்டுவந்து, ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் உருவம் தெளிவதுவரை நகர்த்துவதே சரியான முறை.

வெளிச்சத்தை நேர் மேலிருந்து அடித்தால் வளைந்த உலோகம் முழுவதும் மின்னி எழுத்துகளை விழுங்கிவிடும். ஒரு சிறு விளக்கைப் பக்கவாட்டில், மிகத் தாழ்ந்த கோணத்தில் வைத்து, நகையை விரல்களுக்கு இடையே மெல்லச் சுழற்ற வேண்டும். எழுத்தின் ஒரு கரை இருண்டு மறு கரை ஒளிரும் கணத்தில், கண்ணுக்கே தெரியாமல் கிடந்த எண் தெளிவாக எழுந்து வரும். ஒரு கோணத்தில் 5 போலத் தெரிந்தது வேறு கோணத்தில் 8 ஆகவோ 3 ஆகவோ மாறக்கூடும் என்பதால், குறைந்தது மூன்று கோணங்களில் கைப்பேசியால் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது பாதுகாப்பானது. மிகவும் மங்கிய முத்திரையின் மேல் முகப் பவுடரைத் தூவித் துடைத்தால் பள்ளங்களில் தங்கும் வெண்மை எழுத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எழுத்து எப்படிப் பதிக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அச்சால் அடித்த முத்திரையின் ஓரங்களில் உலோகம் சற்றுப் பிதுங்கியிருக்கும். சில மோதிரங்களில் வெளிப்புறத்திலும் லேசான வீக்கம் தெரியும். லேசரால் எழுதியது ஆழமின்றி, கருமையான சீரான கோடுகளாக இருக்கும். வார்ப்பிலேயே வந்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கி உருண்டிருக்கும். உயர்ந்த கேரட்டைச் சொல்லும் எழுத்து வார்ப்பில் வந்ததாகவும், ஒழுங்கற்றதாகவும் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் தோன்றும். அச்சில் வார்த்துப் பிரதியெடுக்கும்போது மூல நகையின் முத்திரையும் கூடவே பிரதியாகிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம்.

4. எண்ணைப் படித்தல்

தங்கத்தின் தூய்மை இரண்டு வகைகளில் எழுதப்படுகிறது. ஒன்று கேரட், அதில் தூய தங்கம் 24. மற்றொன்று ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பது. கேரட்டை 24ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் ஒன்றிலிருந்து மற்றொன்று கிடைக்கும். 22 கேரட்டுக்கு 916, 21க்கு 875, 18க்கு 750, 14க்கு 585, 10க்கு 417, 9க்கு 375, 8க்கு 333 என்பவை அடிக்கடி காணப்படுபவை. 14ஐ வகுத்தால் 583.3தான் வரும், தரத்தை 585 என்று சற்று உயர்த்தி நிர்ணயித்திருக்கிறார்கள். 583 என்றே பொறித்திருந்தால் அது சோவியத் காலத்து நகையாக இருக்கலாம். தாய்லாந்துத் தங்கத்தில் 96.5 சதவீதம் என்ற தனித் தரம் உண்டு. 990, 999 ஆகியவை ஏறத்தாழத் தூய தங்கம்.

கேரட் எண்ணோடு ஆங்கிலத்தின் 'கே', 'கே.டி.' அல்லது 'சி.டி.' எழுத்துகள் வரும். அமெரிக்காவில் 'கே' வழக்கம். பிரிட்டிஷ் மரபில் 'சி.டி.'. கற்களின் எடையையும் 'சி.டி.' என்றே எழுதுவதால், 0.25 அல்லது 0.50 போன்ற தசம எண்ணோடு அது வந்தால், அது வைரத்தின் எடை. தங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பழைய ரஷ்ய நகைகளில் 56 அல்லது 72 என்ற இரண்டு இலக்க எண்ணைக் காணலாம். அது ஸலோத்னிக் என்ற அளவு. அதில் தூய தங்கம் 96. ஆகவே 56 என்பது 14 கேரட், 72 என்பது 18 கேரட். இதை அறியாதவர் அந்த எண்ணை மோதிர அளவு என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

தங்க நிறத்தில் இருந்தும் தங்கமல்லாதவற்றைக் காட்டும் எண்களையும் மனத்தில் பதிக்க வேண்டும். மஞ்சள் நகையில் 925 இருந்தால் அது தங்க முலாம் பூசிய வெள்ளி. 800, 830, 835, 958 ஆகியவையும் பெரும்பாலும் வெள்ளியின் தரங்களே. 950 என்பது பிளாட்டினமாகவோ பல்லேடியமாகவோ இருக்கலாம், உடன் 'பி.டி.' என்ற எழுத்துகளோ 'பிளாட்' என்ற சுருக்கமோ இருந்தால் பிளாட்டினம். 316 என்ற எண்ணும் 'எல்' எழுத்தும் துருப்பிடிக்காத எஃகு. எதனுடனும் சேராமல் நிற்கும் மூன்று இலக்க எண் வடிவமைப்பு எண்ணாகவும் இருக்கலாம். மேற்சொன்ன தரங்களில் ஒன்றோடும் பொருந்தாத எண்ணை வைத்துக்கொண்டு கேரட் கணக்குப் போடுவது வீண் வேலை.

5. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். '14 கே' என்று கண்டதும் மகிழ்ந்து லென்ஸை மூடிவிடுகிறார்கள். அதற்கு அடுத்து நிற்கும் எழுத்துகளோ முழுப் பொருளையும் மாற்றிவிடுகின்றன.

'ஜி.பி.' என்றால் தங்க முலாம்; 'ஜி.இ.' அல்லது 'ஜி.இ.பி.' என்றால் மின்முலாம், 'ஹெச்.ஜி.இ.' என்றால் சற்றுத் தடித்த மின்முலாம். இவற்றின் முன்னால் வரும் 14, 18 ஆகியவை முலாமின் கேரட்டைக் குறிக்கின்றன, நகையின் கேரட்டை அல்ல. 'ஜி.எஃப்.' என்பது மலிவான உலோகத்தின் மேல் தங்கத் தகட்டை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டிய வகை. அமெரிக்க முறையில் அது '1/20 14 கே ஜி.எஃப்.' என்று வரும்: மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு 14 கேரட் தங்கம். கணக்கிட்டால் அதில் உள்ள தூய தங்கம் 3 சதவீதத்துக்கும் குறைவு. 'ஆர்.ஜி.பி.' என்பது அதைவிடவும் மெல்லிய தகடு. ஐரோப்பிய நகைகளில் 'பிளாக்கே' என்ற பிரெஞ்சுச் சொல்லும் 'டுப்ளே' என்ற ஜெர்மன் சொல்லும் இதே வகையைச் சுட்டுகின்றன. மைக்ரான் அளவு எழுதியிருந்தாலும் அது பூச்சின் தடிமன்தான். பழைய பாக்கெட் கடிகாரத்தின் மூடிக்குள் 20 ஆண்டு அல்லது 25 ஆண்டு உத்தரவாதம் என்று பொறித்திருந்தால், அது தகடு ஒட்டியது என்பதற்கான அடையாளம். முழுத் தங்கத்துக்கு எவரும் தேய்மான உத்தரவாதம் தருவதில்லை.

இப்போது ஒரு மோதிரத்தை மிக அருகில் பார்ப்போம். உட்புறத்தில் '14 கே பி' என்று இருக்கிறது. 'பி' என்பது முலாமைக் குறிக்கிறது என்று பலரும் முடிவு செய்துவிடுவார்கள். உண்மையில் 'கே.பி.' என்பது கேரட் பிளம்ப் என்பதன் சுருக்கம். சொன்ன கேரட் சரியாக இருக்கிறது என்று பொருள். அமெரிக்க நகைகளில் 1981க்கு முன், பற்றுவைக்காத பொருளில் அரை கேரட் வரை குறைய அனுமதி இருந்தது. பற்றுவைத்த பொருளில் ஒரு கேரட் வரை. அந்தச் சலுகையைப் பயன்படுத்தவில்லை என்று அறிவிக்கவே இந்த எழுத்து வந்தது. ஆகவே '14 கே பி' உண்மையான தங்கம். '14 கே ஜி பி' முலாம். இரண்டுக்கும் இடையே ஒரேயொரு 'ஜி'தான் வேறுபாடு. அந்த எழுத்து விரலோடும் மணலோடும் உரசித் தேய்ந்து போயிருக்கலாம். எனவே 'கே'க்கும் 'பி'க்கும் இடையே ஓர் எழுத்து அளவுக்கு வெற்றிடம் இருக்கிறதா, அதில் வளைந்த கோட்டின் மிச்சம் ஏதும் தெரிகிறதா என்று தாழ்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இடைவெளி இயல்புக்கு மிஞ்சியிருந்தால் முத்திரையை நம்பாமல் ஏழாம் படிக்குப் போவதே முறை.

6. படச் சின்னங்கள்

பல நாடுகளில் நகையைச் செய்தவர் சொல்வதோடு நில்லாமல், தனி அமைப்பொன்று சோதித்து முத்திரையிடுகிறது. அதுவே ஹால்மார்க். இந்தச் சின்னங்கள் தரத்தோடு இடத்தையும் சில சமயம் ஆண்டையும் சொல்லும்.

பிரிட்டிஷ் நகைகளே இதில் மிகவும் விரிவானவை. சோதனைச் சாலைக்கு ஒரு சின்னம் உண்டு: பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை, ஷெஃபீல்டுக்கு இப்போது ரோஜா. அதோடு தூய்மை எண்ணும், செய்தவரின் முதலெழுத்துகளும், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் வரிசையாக இருக்கும். ஆண்டு எழுத்து 1999 முதல் கட்டாயமில்லை என்பதால் புதிய நகைகளில் அது இல்லாமல் போகலாம். 12, 15 கேரட் தரங்கள் 1854 முதல் 1932 வரை மட்டுமே நடைமுறையில் இருந்தன, ஆகவே 15ம், .625ம் சேர்ந்து பொறித்த மோதிரம் கிடைத்தால் வேறு எதையும் பாராமலே அதன் காலத்தை அந்த எல்லைக்குள் வைத்துவிடலாம். கிரீடம் தங்கத்துக்கான சின்னம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஷெஃபீல்டு சோதனைச் சாலை 1974 வரை வெள்ளிப் பொருள்களில் தன் ஊர்ச் சின்னமாகக் கிரீடத்தையே பயன்படுத்தியது. எண்ணைப் பார்க்காமல் கிரீடத்தை மட்டும் நம்பக் கூடாது. புதிய முத்திரைகளில் எண்ணைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமும் உதவும்: தங்கத்துக்கு நீண்ட எண்கோணம், வெள்ளிக்கு நீள்வட்டம், பிளாட்டினத்துக்குக் கூரை வைத்த வீட்டின் வடிவம்.

பிரெஞ்சு நகைகளில் எண்ணே இல்லாமல், கழுகுத் தலை மட்டும் இருக்கும். 1838 முதல் 18 கேரட் தங்கத்தைக் குறிக்க அது பயன்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவேயான அந்தச் சின்னம், புதியவர் கண்ணுக்கு ஒரு சிறு பள்ளம் போலத்தான் தோன்றும். அதனருகே சாய்சதுரக் கட்டத்துக்குள் செய்தவரின் எழுத்துகள் இருந்தால் ஐயம் நீங்கும். ஆந்தை பொறித்திருந்தால், அது வெளிநாட்டிலிருந்து பிரான்சுக்குள் வந்து சோதிக்கப்பட்ட தங்கம். சுவிட்சர்லாந்தில் 1995 முதல் செயின்ட் பெர்னார்டு நாயின் தலை. அதற்கு முன் 18 கேரட்டுக்கு ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு அணில். ஜெர்மன் தங்கத்தில் 1888 முதல் சூரியனைக் குறிக்கும் வட்டத்துக்குள் கிரீடம். பிறையும் கிரீடமும் சேர்ந்திருந்தால் அது வெள்ளி. சோவியத் நகைகளில் 1958 முதல் ஐந்து முனை நட்சத்திரத்துக்குள் அரிவாள் சுத்தியல். இத்தாலிய நகைகளில் நட்சத்திரமும் ஓர் எண்ணும் மாகாணத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் வரும்; 'ஏ.ஆர்.' என்றால் அரெட்ஸோ, 'வி.ஐ.' என்றால் விசென்சா. தராசுச் சின்னத்துக்குள் தூய்மை எண் இருந்தால், அது 1972இல் வியன்னாவில் கையெழுத்தான உடன்படிக்கையின் பொது முத்திரை. உறுப்பு நாடுகள் அனைத்தும் அதை ஏற்கின்றன.

இந்திய ஹால்மார்க்கில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முக்கோண வடிவச் சின்னமும், '22கே916' என்பது போன்ற தூய்மைக் குறியும், 2021 முதல் ஆறு இடங்கள் கொண்ட எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்.யூ.ஐ.டி. அடையாளமும் இருக்கும். அந்த அடையாளத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் நகையின் வகையும் தூய்மையும் சோதித்த மையமும் தெரியும். மோதிரத்தின் அடையாளத்தை இட்டு, செயலி அதைச் சங்கிலி என்று காட்டினால், முத்திரை வேறெங்கிருந்தோ எடுத்தது என்று பொருள்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கட்டாயச் சோதனை இல்லை. கேரட்டைப் பொறித்தால் அருகில் செய்தவரின் பதிவுபெற்ற குறியும் இருக்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். அதற்குப் பிந்தைய தோற்றமுடைய அமெரிக்க நகையில் எண் மட்டும் தனியாக நின்றால் சற்றுக் கூடுதலாகச் சோதிப்பது நல்லது.

7. உலோகம் ஒத்துக்கொள்கிறதா

காந்தம் முதல் சோதனை. ஆனால் மிகவும் பலவீனமான சோதனை. தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மையே. செம்பும் பித்தளையும் வெள்ளியும் ஈயமும்கூட ஒட்டுவதில்லை. ஒட்டினால் தங்கமல்ல என்று சொல்லலாமே தவிர, ஒட்டாததால் தங்கம் என்று சொல்ல முடியாது. கொக்கிக்குள் இருக்கும் வில் எஃகால் ஆனது என்பதால், கொக்கி மட்டும் இழுபட்டாலும் சங்கிலியை ஒதுக்கக் கூடாது.

தேய்ந்த இடங்களைப் பார்ப்பது காந்தத்தைவிடப் பயனுள்ளது. மோதிரத்தின் கீழ் விளிம்பு, சங்கிலி வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உட்பகுதி, பதக்க வளையத்தின் உட்புறம் ஆகிய இடங்களில் வேறு நிறம் எட்டிப்பார்த்தால் முத்திரை என்ன சொன்னாலும் அது முலாம்தான்.

நகைக்குச் சேதமின்றி வீட்டிலேயே செய்யக்கூடிய சிறந்த சோதனை அடர்த்தியைக் கணக்கிடுவது. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசு வேண்டும். முதலில் நகையை உலர்ந்த நிலையில் நிறுக்க வேண்டும். பிறகு தராசின் மேல் ஒரு குவளை நீரை வைத்து, அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய நூலில் கட்டிய நகையை அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எடை, நகை விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இரண்டாம் எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 585 என்று பொறித்த மோதிரம் உலர்ந்த நிலையில் 4.10 கிராம், நீரில் தொங்கும்போது தராசு காட்டுவது 0.31 கிராம். வகுத்தால் 13.2. மஞ்சள் 14 கேரட் தங்கம் ஏறத்தாழ 13 முதல் 13.6 வரை இருக்கும் என்பதால் முத்திரையும் உலோகமும் ஒத்துப்போகின்றன. இதே பருமனுள்ள பித்தளை மோதிரம் சுமார் 2.6 கிராம்தான் இருந்திருக்கும். மற்றவற்றில், தூய தங்கம் 19.3, 22 கேரட் 17.7ஐ ஒட்டி, 18 கேரட் 15 முதல் 16 வரை, 9, 10 கேரட் 11 முதல் 11.6 வரை, வெள்ளி 10.4, பித்தளை 8.5, எஃகு 8க்குச் சற்றுக் கீழே.

இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. மேலே சொன்ன கணக்கில் நீர் எடை 0.01 கிராம் தவறினாலே விடை 0.4 அளவுக்கு மாறிவிடும். ஆகவே இரண்டு கிராமுக்குக் குறைந்த பொருள்களில் இதை நம்ப முடியாது. கல் பதித்த நகையும் உள்ளீடற்ற நகையும் குறைவான எண்ணையே காட்டும். நகையில் ஒட்டிய காற்றுக் குமிழும் விடையைக் கீழே இழுக்கும். நீரில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டால் குமிழ் ஒட்டுவது குறையும். ஈயத்தின் அடர்த்தி 11.3 என்பதால் அது 9 கேரட்டோடு குழப்பும். ஆனால் ஈயம் நகத்தால் கீறும் அளவுக்கு மென்மையானது. டங்ஸ்டன் கார்பைடு மோதிரங்கள் 18 கேரட்டுக்கு நெருக்கமாக வரும். அவை அடர் சாம்பல் நிறத்தோடு, எஃகாலும் கீற முடியாத கடினத்தோடு இருக்கும்.

8. அமிலமும் எக்ஸ்ரே கருவியும்

உரைகல்லில் கோடு இழுத்து அமிலம் விட்டுப் பார்க்கும் முறை பழையது, நம்பகமானது. ஆனால் புதியவர் வீட்டில் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த கேரட்டுகளுக்கான திரவத்தில் நைட்ரிக் அமிலமும், 18 கேரட்டுக்கு மேற்பட்டவற்றுக்கான திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து இருக்கின்றன. கண்ணுக்கும் தோலுக்கும் நுரையீரலுக்கும் அவை ஆபத்தானவை. மேலும், கல்லில் லேசாக இழுத்த கோடு முலாமை மட்டுமே சோதிக்கும். அடியில் உள்ளதைக் காண நகையை அரத்தால் அராவ வேண்டும். மண்ணில் கிடைத்து, உரியவர் யாரென்றே தெரியாத ஒரு பொருளை அராவ நமக்கு உரிமை இல்லை.

எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி உள்ள நகைக்கடையிலோ சோதனை மையத்திலோ காட்டினால் சில நொடிகளில் கலவையின் விகிதம் தெரிந்துவிடும். அதுவும் மேற்பரப்பின் சில மைக்ரான் ஆழத்தையே படிக்கிறது. தடித்த தகடு ஒட்டிய பொருளை அது முழுத் தங்கம் என்று காட்டக்கூடும். எனவே தேய்ந்த விளிம்பையும் முத்திரை உள்ள இடத்தையும் தனித்தனியே படிக்கச் சொல்லி, இரண்டையும் அடர்த்திக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முத்திரையே இல்லாத நகையும் தங்கமாக இருக்கலாம். கையால் செய்தவை, அளவு மாற்றியபோது முத்திரை அழிந்தவை, சட்டம் விலக்களிக்கும் சிறு எடைப் பொருள்கள் ஆகியவை அப்படிப்பட்டவை. பிரிட்டனில் ஒரு கிராமுக்குக் குறைந்த தங்கப் பொருளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அங்கெல்லாம் ஏழாம், எட்டாம் படிகள்தான் முடிவைச் சொல்லும்.

9. உரியவரும் சட்டமும்

முத்திரையைத் தேடும்போது வேறு எழுத்துகளும் கண்ணில் படும். அச்சால் ஒரே ஆழத்தில் அடித்தவை செய்தவரின் அல்லது சோதனைச் சாலையின் குறிகள். உளியால் செதுக்கி, கோட்டின் தடிமன் மாறிமாறி ஓடும் பெயர்களும் தேதிகளும் அணிந்தவருக்கு உரியவை. திருமண மோதிரத்தில் இரண்டு முதலெழுத்துகளும் ஒரு தேதியும் இருந்தால், உரியவரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல தடயம் கிடைக்காது.

கண்டெடுத்ததைப் பற்றிய கடமைகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, எடையில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருளை 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். இந்தியாவில், மண்ணில் மறைந்து கிடந்து கண்டெடுக்கப்படும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அண்மைக்கால நகையானால், பெரும்பாலான இடங்களில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதோ தகவல் தருவதோ எதிர்பார்க்கப்படுகிறது. நிலத்துக்கு உரிமையாளரின் அனுமதி இதற்கெல்லாம் முன்பே தேவை.

அறிவிப்பு வெளியிடும்போது, மோதிரம் கிடைத்த பகுதியையும் மாதத்தையும் மட்டும் சொல்லிவிட்டு, முத்திரையையும் செதுக்கிய எழுத்துகளையும் படத்தில் காட்டாமல் வைத்திருங்கள். கேட்டு வருபவர் உட்புறத்தில் என்ன பொறித்திருக்கிறது, எத்தனை கேரட், எந்தப் பக்கம் பற்றுவைத்த தடம் இருக்கிறது என்று தாமாகவே சொல்லட்டும். நீங்கள் எடுத்து வைத்த படங்களோடு அது பொருந்தினால் கொடுக்கலாம்.